ஆராய்ச்சி உதவித்தொகை ஏன் தானாக உயர்வதில்லை?

2023 ஜூன் மாதம் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை ஓர் அலுவலகக் குறிப்பாணையை வெளியிட்டது. இளநிலை ஆராய்ச்சியாளர்களுக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் 31,000 ரூபாயிலிருந்து 37,000 ஆகவும், முதுநிலையினருக்கான எஸ்.ஆர்.எஃப். 35,000 ரூபாயிலிருந்து 42,000 ஆகவும் அதன்படி உயர்ந்தன. முனைவர் பட்டம் முடித்தபின் ஆராய்ச்சி இணையராகப் பணிபுரிவோருக்கு 58,000, 61,000, 67,000 என்று மூன்று படிநிலைகள் வகுக்கப்பட்டன. அந்த ஆண்டின் ஜனவரி முதல் தேதியிலிருந்தே உயர்வு கணக்கிடப்பட்டதால் நிலுவைத் தொகையும் கிடைத்தது. ஆய்வு மாணவர்கள் மகிழ்ந்ததில் வியப்பில்லை. ஆனால் அடுத்த உயர்வு எப்போது, எந்த அளவுகோலின்படி என்பதற்கு விடை சொல்லும் விதி எதுவும் நடைமுறையில் இல்லை. இந்தியாவில் அறிவியல் ஆராய்ச்சியில் காலடி வைக்கும் இளைஞர்களின் பொருளாதாரச் சிக்கல்களில் பெரும்பகுதி இந்த ஓர் இல்லாமையிலிருந்துதான் கிளைக்கிறது என்பது என் கணிப்பு.

முந்தைய உயர்வுகளை வரிசையாக வைத்துப் பார்க்கலாம். 2010-இல் ஜே.ஆர்.எஃப். 16,000 ரூபாய். 2014 அக்டோபரில் அது 25,000 ஆனது. 56 விழுக்காடு உயர்வு. 2019 ஜனவரியில் 31,000, 24 விழுக்காடு. 2023 ஜனவரியில் 37,000. 19 விழுக்காட்டுக்குச் சற்றுக் கூடுதல். இடைவெளி ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு ஆண்டுகளாகவே இருக்க, உயர்வின் அளவு மட்டும் படிப்படியாகச் சுருங்கி வந்திருக்கிறது.

இதே காலத்தில் மத்திய அரசு ஊழியர்களுக்கு என்ன நடந்தது? அவர்களுக்கான அகவிலைப்படி ஜனவரியிலும் ஜூலையிலும், ஆண்டுக்கு இருமுறை, விலைவாசிக் குறியீட்டெண்ணை ஒட்டி மாற்றியமைக்கப்படுகிறது. 2019 ஜனவரியில் 12 விழுக்காடாக இருந்த அது 2023 ஜனவரியில் 42 விழுக்காடாகியிருந்தது. இத்தனைக்கும் நடுவில் கொரோனாவைக் காரணம் காட்டி ஒன்றரை ஆண்டுகள் அகவிலைப்படி உயர்வை முடக்கி வைத்திருந்தார்கள். நூறு ரூபாய் அடிப்படை ஊதியம் உள்ளவர் 112 ரூபாயிலிருந்து 142 ரூபாய்க்கு நகர்ந்தார். அதாவது கிட்டத்தட்ட 27 விழுக்காடு. ஆய்வு மாணவருக்கும் அதே விகிதம் பொருந்தியிருந்தால் 31,000 ரூபாய் 39,300 ஆகியிருக்க வேண்டும். கிடைத்ததோ 37,000. அதற்குப் பிறகான கணக்கையும் போட்டுப் பார்க்கலாம்: 2025 ஜனவரியில் அகவிலைப்படி 55 விழுக்காட்டை எட்டியது, அந்த விகிதத்தில் 37,000 ரூபாய் 40,400 ஆகியிருக்கும். ஆய்வு மாணவரின் வங்கிக் கணக்கில் அப்போதும் அதே 37,000தான் வரவு வைக்கப்பட்டது.

இந்தக் குறிப்பாணைகளில் ஒரு முரண் அதிகம் கவனிக்கப்படாமல் கிடக்கிறது. விடுதி இடம் கிடைக்காத ஆய்வு மாணவருக்கு, மத்திய அரசு விதிகளின்படி வீட்டு வாடகைப்படி உண்டு. அதைக் கணக்கிடும்போது உதவித்தொகையை அடிப்படை ஊதியமாகக் கொள்ளலாம் என்கிறது அரசு. அகவிலைப்படி பற்றிய பத்திக்கு வந்தால், ஆராய்ச்சியாளர்களுக்கு அது கிடையாது என்கிறது. வாடகைக்கு அடிப்படை ஊதியமாக இருக்கும் அதே தொகை, விலைவாசிக்கு மட்டும் அவ்வாறு இருக்க மறுக்கிறது. அகவிலைப்படியோடு உதவித்தொகையை இணைப்பது நிர்வாக ரீதியாக இயலாத காரியம் என்று யாரேனும் வாதிட்டால், இணைப்பில் பாதி ஏற்கெனவே அதே தாளில் நடந்திருக்கிறது என்பதைத்தான் பதிலாகக் காட்ட வேண்டும்.

விதி இல்லாத இடத்தைப் போராட்டம் நிரப்புகிறது. 2018-ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து நாட்டின் பல ஆய்வு நிறுவனங்களின் மாணவர்கள் மனுக் கொடுத்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள், அமைச்சர்களைச் சந்தித்தார்கள். எதுவும் நகராமல் போகவே 2019 ஜனவரியில் தில்லியில் மனிதவள மேம்பாட்டு அமைச்சகத்தின் முன் கூடினார்கள்; காவல்துறை பலரைப் பிடித்து வைத்து விடுவித்தது. அந்த மாத இறுதியில் உயர்வு அறிவிக்கப்பட்டது. நுண்ணோக்கியின் முன் அமர்ந்திருக்க வேண்டியவர்கள் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை பதாகையோடு சாலைக்கு வந்தாக வேண்டும் என்பது எழுதப்படாத நடைமுறையாகிவிட்டது. ஐந்தாண்டுகளில் ஒரு தலைமுறை மாணவர் வெளியேறி அடுத்த தலைமுறை வந்துவிடுவதால், போன முறை யாரிடம் பேசினோம், என்ன வாக்குறுதி கிடைத்தது என்ற நினைவுகூட அமைப்பாகத் தங்குவதில்லை. தொழிற்சங்கம் உள்ள எந்தத் துறையிலும் காண முடியாத பலவீனம் இது.

இவ்வளவுக்கும் அடியில் இருப்பது, ஆய்வு மாணவர் யார் என்ற கேள்விக்கு அரசு தெளிவான விடை தராமலிருப்பது. அவர் மாணவர் என்பதால் உதவித்தொகைக்கு வருமான வரி இல்லை. வருமான வரிச் சட்டம் கல்வி உதவித்தொகைக்குத் தந்திருக்கும் விலக்கு அவருக்கும் பொருந்துகிறது. இது நன்மைதான். மாணவர் என்பதாலேயே வருங்கால வைப்பு நிதி இல்லை, பணிக்கொடை இல்லை, ஓய்வூதியக் கணக்கில் ஐந்தாண்டுகள் வெற்றிடம். சரி, மாணவர் என்றால் மாணவருக்குரிய விடுமுறை உண்டா? பல்கலைக்கழக மானியக் குழுவின் உதவித்தொகை விதிகள், பொது விடுமுறை நாள்கள் நீங்கலாக ஆண்டுக்கு 30 நாள்கள் விடுப்பு எடுக்கலாம், கோடை விடுமுறை போன்றவற்றுக்கு உரிமை கிடையாது என்று ஊழியரிடம் பேசும் குரலில் பேசுகின்றன. வேலைக்கு விண்ணப்பிக்கும் நாளில் குரல் மறுபடியும் மாறுகிறது. கல்லூரி ஆசிரியர் நியமனத்துக்கான 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளின்படி, முனைவர் பட்டம் பெறுவதற்குச் செலவிட்ட காலம் ஆசிரியப் பணிக்கான கற்பித்தல் அனுபவமாகவோ ஆராய்ச்சி அனுபவமாகவோ கொள்ளப்படாது. ஆராய்ச்சி செய்த காலம் ஆராய்ச்சி அனுபவம் இல்லை என்பதைப் படிக்கும் எந்த ஆய்வு மாணவரும் இரண்டாம் முறை படித்துப் பார்க்காமல் கடந்து போக மாட்டார்.

தொகை எவ்வளவு என்பதைவிட அது எப்போது வருகிறது என்பது பலருக்கு அவசரமான கேள்வி. மானியக் குழுவின் ஜே.ஆர்.எஃப். ஒரு மாதம் எப்படிப் பயணிக்கிறது என்று பார்த்தால் தாமதத்தின் ஊற்றுக்கண் புரியும். மாத முடிவில் மாணவர் வருகைப் பதிவுச் சான்றை நிரப்பி நெறியாளரிடம் கையெழுத்து வாங்குகிறார். துறைத்தலைவர் கையொப்பமிட்டபின் அது பல்கலைக்கழகத்தின் உதவித்தொகைப் பிரிவுக்குப் போகிறது. அங்கே ஒருவர் வங்கியின் இணையதளத்தில் அந்த மாணவரின் பெயருக்கு எதிரே உறுதி செய்கிறார். இன்னொரு அலுவலர் தம் கடவுச்சொல்லைக் கொண்டு அதைச் சரிபார்த்து ஒப்புதல் தருகிறார். அதன் பிறகே வங்கி மாணவரின் கணக்குக்குப் பணத்தை அனுப்புகிறது. ஒப்புதல் தரும் அலுவலர் மாற்றலாகிப் போய், புதியவரின் பெயர் இணையதளத்தில் பதிவாகத் தாமதமானால், அந்தப் பல்கலைக்கழகத்தின் ஒட்டுமொத்த ஆய்வு மாணவர்களுக்கும் அந்த மாதம் பணம் இல்லை.

இரண்டு ஆண்டுகள் முடிந்து ஜே.ஆர்.எஃப். நிலையிலிருந்து எஸ்.ஆர்.எஃப். நிலைக்கு உயரும் கட்டம் இன்னும் சிக்கலானது. வெளி வல்லுநர் ஒருவரை உள்ளடக்கிய குழு ஆய்வின் முன்னேற்றத்தை மதிப்பிட்டுப் பரிந்துரைக்க வேண்டும். வெளி வல்லுநருக்கு நாள் ஒத்துவரவில்லை என்றால் கூட்டம் தள்ளிப்போகும். கூட்டம் தள்ளிப்போனால் கோப்பும் தள்ளிப்போகும். நிலுவை பின்னால் சேர்த்து வந்துவிடும் என்பது நிர்வாகத்தின் வழக்கமான ஆறுதல். ஆனால் வீட்டு உரிமையாளரும் மெஸ் நடத்துபவரும் நிலுவையாக வாங்கிக்கொள்ளச் சம்மதிப்பதில்லை. குடும்பத்தில் மாதம் பத்தாயிரம் கடன் தரக்கூடிய ஒருவர் இருப்பவரால் இந்தக் காத்திருப்பைச் சமாளிக்க முடிகிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அது கடினம். யார் ஆராய்ச்சியில் நீடிக்கிறார்கள் என்பதைத் தகுதித் தேர்வு மட்டுமின்றி இந்தக் கோப்புப் பயணமும் தீர்மானிக்கிறது.

கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்குமான தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். பெற்றவர்களின் கதை இது. பெறாதவர்கள்தான் பெரும்பான்மை. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் அல்லாத முனைவர் பட்ட மாணவர்களுக்கு மாதம் 8,000 ரூபாய் தரப்படுகிறது. 2012-இல் நிர்ணயித்த தொகை அது; அதன்பின் ஜே.ஆர்.எஃப். மூன்று முறை உயர்ந்திருக்கிறது, இது அசையவே இல்லை. 2015 அக்டோபரில் மானியக் குழு இந்தத் திட்டத்தையே கைவிட முடிவெடுத்தபோது, தில்லியில் அதன் அலுவலக வளாகத்தை மாணவர்கள் வாரக்கணக்கில் முற்றுகையிட்ட பிறகுதான் 8,000 ரூபாயாவது தப்பியது. சிறுபான்மையின மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகைக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. மற்றத் திட்டங்களோடு மேற்பொருந்துகிறது என்ற காரணத்தோடு 2022 டிசம்பரில் அதன் நிறுத்தம் நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது.

மறுமுனையில், 2018 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 70,000 ரூபாயும், கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு 80,000 ரூபாயும், ஆண்டுக்கு இரண்டு லட்சம் ரூபாய் ஆய்வு நிதியும் தந்தது. திறமையாளர்கள் வெளிநாடு போகாமல் தடுப்பது அதன் நோக்கம். நோக்கத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒரே நிறுவனத்தில் ஒருவர் 70,000 ரூபாயும், ஒருவர் 37,000 ரூபாயும், நெறியாளரின் திட்ட நிதியில் சேர்ந்த மூன்றாமவர் அந்தத் திட்டம் முடியும் வரைக்கும் ஏதோ ஒரு தொகையும் பெற்றுக்கொண்டு ஒரே மையச்சுழற்சிக் கருவிக்கு முறை வைத்துக் காத்திருக்கும் நிலை எப்படி உருவானது என்பதை விளக்க எந்தக் கொள்கை ஆவணமும் போதாது. மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் அவற்றோடு இணைந்த கல்லூரிகளிலும் எந்த உதவியும் இல்லாமல், தனியார் கல்லூரியில் பாடம் நடத்தியபடி பகுதிநேரமாக ஆய்வைத் தொடர்பவர்கள் இந்தக் கணக்கிலேயே வருவதில்லை.

இனி காலத்தின் கணக்கு. ஜே.ஆர்.எஃப். இரண்டு ஆண்டுகளும் எஸ்.ஆர்.எஃப். மூன்று ஆண்டுகளுமாக உதவித்தொகை ஐந்தாண்டுகளோடு முடிகிறது. 2022 நவம்பரில் வந்த முனைவர் பட்ட ஒழுங்குமுறை விதிகளோ ஆய்வுக்கு ஆறு ஆண்டுகள் வரை அனுமதித்து, மறுபதிவின் மூலம் மேலும் இரண்டு ஆண்டுகளும், பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேற்பட்ட மாற்றுத்திறன் உடையவர்களுக்கும் இன்னும் இரண்டு ஆண்டுகளும் நீட்டிப்புத் தருகின்றன. ஆறாம் ஆண்டு தேவைப்படும் என்பதை விதியே ஒப்புக்கொள்கிறது. அந்த ஆண்டில் சாப்பாட்டுக்கு என்ன வழி என்பதைப் பற்றி அது பேசுவதில்லை. கொரோனா காலத்தில் இது பட்டவர்த்தனமானது. ஆய்வகங்கள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததால் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க மானியக் குழு ஆறாறு மாதங்களாக அவகாசம் தந்தது. கூடவே, உதவித்தொகைக் காலம் ஐந்தாண்டுகளாகவே தொடரும் என்றும் சொல்லிவிட்டது.

ஐந்தாண்டுகள் ஏன் போதவில்லை என்று கேட்டால், மாணவரின் சோம்பல், நெறியாளரின் அலட்சியம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். இரண்டும் சில இடங்களில் உண்மை. ஆனால் அரசின் கொள்முதல் விதிகள் தின்னும் மாதங்களை யாரும் எண்ணுவதில்லை. அறிவியல் கருவிகளையும் வேதிப்பொருள்களையும் அரசின் மின்சந்தைத் தளத்தில்தான் முதலில் தேட வேண்டும் என்ற விதியால், குறிப்பிட்ட தூய்மைத்தரத்தில் ஒரு வினைப்பொருள் தேவைப்படும் ஆய்வாளர், மிகக் குறைந்த விலை சொன்ன விற்பனையாளரின் தரமறியாத பொருளை வாங்கிச் சோதனையைக் கெடுத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்க நேர்ந்தது. 2022 ஜூலையில் ஆராய்ச்சிக் கருவிகளுக்கான சரக்கு சேவை வரிச் சலுகை விலக்கப்பட்டு, 5 விழுக்காடாக இருந்த வரி 18 ஆனது. மானியத் தொகை அதற்கேற்பக் கூடவில்லை.

2024 ஜூலை நிதிநிலை அறிக்கை ஆய்வகங்களுக்கு இன்னொரு அதிர்ச்சியைத் தந்தது. ஆய்வக வேதிப்பொருள்களுக்கான சுங்க வரி 10 விழுக்காட்டிலிருந்து 150 விழுக்காடாக உயர்ந்தது. எரிசாராயத்தை ஆய்வகப் பொருள் என்ற பெயரில் இறக்குமதி செய்வதைத் தடுக்கும் நடவடிக்கை என்று பின்னர் விளக்கம் வந்தது. விஞ்ஞானிகள் குரலெழுப்பவே சில நாள்களில் ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்குப் பழைய விகிதம் திரும்பியது. 2025 ஜூனில் ஆய்வு நிறுவனங்கள் மின்சந்தைக்கு வெளியே வாங்கவும், விலைப்புள்ளி கோராமல் நேரடியாக வாங்கும் வரம்பு ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் ரூபாயாக உயரவும் வழி செய்யப்பட்டது. நல்ல மாற்றம். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஆய்வு செய்தவர்களின் கடிகாரம் நின்று நின்று ஓடியதற்கு ஈடாக யாருக்கும் ஆறு மாத உதவித்தொகை கூடுதலாகக் கிடைக்கவில்லை. கொள்முதலில் ஏற்படும் தாமதத்தின் விலையை நிறுவனம் செலுத்துவதில்லை. ஐந்தாம் ஆண்டில் இருக்கும் மாணவர் செலுத்துகிறார்.

விதிகள் பாதியில் மாறுவது இன்னொரு தலைவலி. 2016 விதிகளின்படி ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது வெளிவந்திருக்க வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் இந்தியாவில் பெருகியதற்கு இந்தக் கட்டாயமும் ஒரு காரணம். 2022 விதிகள் அதை நீக்கின, எம்.ஃபில். பட்டத்தையும் முடித்து வைத்தன. ஆசிரியப் பணிக்கான தகுதியிலும் இதே ஊசலாட்டம். பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பணிக்கு 2021 ஜூலை முதல் முனைவர் பட்டம் கட்டாயம் என்று 2018-இல் அறிவித்தார்கள். 2023 ஜூலைக்கு ஒத்திவைத்தார்கள். அந்த நாள் வந்தபோது நெட், மாநில அளவிலான செட் போன்ற தேர்வுகளே குறைந்தபட்சத் தகுதி என்று திருத்தினார்கள். பட்டம் இல்லாமல் வேலை இல்லை என்று நம்பி 2018-இல் சேர்ந்தவர் ஆய்வேட்டைக் கட்டி முடிக்கும் நேரத்தில், அதே பணிக்கு முதுகலையும் நெட் தேர்ச்சியும் போதும் என்றாகிவிட்டது.

பட்டம் பெற்றவர்களின் எண்ணிக்கையோ கூடிக்கொண்டே போகிறது. உயர்கல்வி குறித்த அகில இந்தியக் கணக்கெடுப்பின்படி முனைவர் பட்டப் படிப்பில் இருந்தவர்கள் 2014-15-இல் 1.17 லட்சம் பேர், 2021-22-இல் 2.12 லட்சத்துக்கும் மேல். நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்குச் செலவாகும் பங்கு 2020-21-இல் 0.64 விழுக்காடு. ஆளைச் சேர்ப்பதில் காட்டிய வேகம் பணியிடங்களை உருவாக்குவதில் இல்லை என்பதை வேறு எங்கும் தேட வேண்டாம், தமிழ்நாட்டின் அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கான கௌரவ விரிவுரையாளர்கள் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்தி வருவதைப் பார்த்தால் போதும். விருந்தினர் ஆசிரியருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய் வீதம் மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று மானியக் குழு 2019-இல் வழிகாட்டியது. தமிழகத்தின் கௌரவ விரிவுரையாளர்கள் பெற்றுவந்தது மாதம் 20,000 ரூபாய். 2023-இல் அது 25,000 ஆனது. ஜே.ஆர்.எஃப். பெற்ற முதலாண்டு மாணவரின் 37,000 ரூபாயைவிட, முனைவர் பட்டம் முடித்து வகுப்பறையில் நிற்பவரின் மாதப் பணம் குறைவு. படிப்பு முடிவதைச் சிலர் விரும்பாமல் தள்ளிப்போடுவதற்கு இதைவிட வெளிப்படையான காரணம் வேண்டியதில்லை.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய நோய் என்று நினைக்க வேண்டாம். கனடாவில் முதுகலை மாணவர்களுக்கான கூட்டரசு உதவித்தொகை ஆண்டுக்கு 17,500 டாலர் என்ற அளவிலேயே இருபது ஆண்டுகள் நின்றிருந்தது. 2023 மே மாதம் ஆய்வு மாணவர்கள் நாடு முழுவதும் வெளிநடப்புச் செய்த பிறகு, 2024 நிதிநிலை அறிக்கையில் அது 27,000 ஆனது. நெதர்லாந்து வேறு வழியில் போயிற்று. அங்கே முனைவர் பட்ட ஆய்வாளர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழகத்தின் ஊழியர்கள். அவர்களின் ஊதியம் தொழிற்சங்கங்களோடு செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தத்தில் மற்ற ஊழியர்களின் ஊதியத்தோடு சேர்ந்தே உயர்கிறது. வரியும் கட்டுகிறார்கள், ஓய்வூதியக் கணக்கும் தொடங்குகிறது.

அந்த முறையை இங்கே அப்படியே கொண்டுவர வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஊழியர் என்ற தகுதி வந்தால் செலவு கூடும். ஒதுக்கீடு கூடாத நிலையில் உதவித்தொகைகளின் எண்ணிக்கையை வெட்டுவதுதான் நிதித்துறைக்குத் தெரிந்த எளிய வழி. திட்ட நிதியில் சேர்ந்தவர்களுக்கு ஒவ்வொரு உயர்வின்போதும் சிறிய அளவில் இது நடக்கவும் செய்கிறது: கூடுதல் தொகை தனியாக வராதபோது நெறியாளர் வேதிப்பொருள் செலவைக் குறைக்கிறார், அல்லது அடுத்து எடுக்கவிருந்த ஆளை எடுக்காமல் விடுகிறார். ஆனால் அகவிலைப்படியோடு இணைப்பதற்கு ஊழியர் தகுதி தேவையில்லை. வாடகைப்படிக்குச் செய்ததைப்போல ஒரு வரியைக் குறிப்பாணையில் சேர்த்தால் போதும். ஆண்டுக்கு இருமுறை சிறிது சிறிதாக வரும் உயர்வை நிதிநிலை அறிக்கையில் முன்கூட்டியே திட்டமிடவும் முடியும். நான்காண்டு நிலுவை மொத்தமாகத் தலையில் விழாது. மாதாமாதம் இரண்டு அலுவலர்களின் ஒப்புதலுக்குக் காத்திருப்பதற்குப் பதிலாக, ஆறு மாதங்களுக்கு ஒரு முறை சான்று வாங்கி, நிறுத்த வேண்டியவர்களின் பெயரை மட்டும் நிறுவனம் தெரிவிக்கும் முறைக்கு மாறுவதற்குப் பெரிய செலவும் கிடையாது.

2025 ஜனவரியில் மத்திய அரசு எட்டாவது ஊதியக் குழுவுக்கு ஒப்புதல் தந்தது. ஆராய்ச்சி உதவித்தொகை ஊதியக் குழுக்களின் எல்லைக்குள் வருவதில்லை. ஏழாவது குழுவின் பரிந்துரைகள் 2016 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தபோது பேராசிரியர், ஆய்வகத் தொழில்நுட்பர், அலுவலக உதவியாளர் எல்லோருடைய ஊதியமும் மாறியது. அதே கட்டடத்தில் இருந்த ஆய்வு மாணவர் 2014-இன் 25,000 ரூபாயோடு 2019 வரை காத்திருந்தார். இப்போதைய வழக்கம் நீடித்தால் அடுத்த உயர்வுக்கான முறை 2027 வாக்கில் வரும். 2025-இல் சேர்ந்த ஒருவர் அப்போது எஸ்.ஆர்.எஃப். நிலைக்கான மதிப்பீட்டுக் குழுவின் முன் அமரத் தயாராகிக்கொண்டிருப்பார்.